கரையாத தொட்டி

மதியம் ஆகியும் தொட்டியில் கடற்பாசி போட்டது போட்டபடியே மிதந்தது. இந்நேரம் கூழாகியிருக்க வேண்டும். கூழானால்தான் அடுத்த கொட்டகையில் அதைப் புளிக்கவைத்து, வண்டிக்கு ஊற்றுகிற எரிபொருள் எடுக்க முடியும். இன்ஜினியரம்மா கோலை விட்டுக் கிளறினார். பாசி கோலில் சுற்றிக்கொண்டு வந்ததே தவிர, கரைகிற வழியைக் காணோம்.

"காலையில நொதி ஊத்தினீங்களா இல்லையா?"

"ஊத்தினேன்மா. பிரிட்ஜுல இருந்த வெள்ளை டப்பாவை அப்படியே கவுத்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் தொட்டிக்காரருக்குத் தன் டப்பா நினைவுக்கு வந்தது. அந்த இடத்துக்கே ஒரு பிரிட்ஜ்தான். நொதி தீர்ந்த டப்பாக்களைக் கழுவி ஆளுக்கொன்று எடுத்து வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். அவர் குடிக்கிற தண்ணீரும் அப்படியொரு டப்பாவில், கண்டால் வேலை போய்விடும் என்று தெரிந்தும், அதே பிரிட்ஜில்தான் குளிரும். சாப்பிட்டுவிட்டு அதில் பாதியைக் குடித்திருந்தார்.

தண்ணீர் தொட்டிக்குப் போயிருந்தால் வயிற்றுக்குப் போனது எது? தோல் வார் மாதிரி இருக்கிற பாசியையே கரைக்கிற மருந்துக்குக் குடல் எம்மாத்திரம்?

பட்டும் படாமலும் பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்மா, இந்த நொதி வேலை செய்யிறப்ப நடுவுல நிறுத்தணும்னா?"

"கொதிக்கிற சூடு பட்டா செத்துரும். புளிப்பு ஏறினா படுத்துரும். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். தெரிஞ்சு வச்சுக்கலாமேன்னு."

நேரே கேன்டீனுக்கு ஓடினார். கொதித்த வெந்நீரை வாங்கி ஒரே மூச்சில் விழுங்கினார். நாக்கு வெந்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. வயிறு அடங்குவதற்குப் பதில், நல்ல நாளில் தொட்டி போடுகிற அதே சத்தத்தோடு குமுறியது. மருந்து வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது.

அடுத்து வினிகர் கேட்டார். கேன்டீன் அக்கா மேசைக்கடியிலிருந்து வெள்ளை டப்பாவை இழுத்தாள்.

"என்ன, உடம்பையே ஊறுகாய் போடப் போறீங்களா?"

அதை வாங்கி இரண்டு டம்ளர் குடித்தார். துளிகூடப் புளிக்கவில்லை. நாக்கு வெந்ததால் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நாக்கு முதலில் கரைந்துவிட்டது என்றே நினைத்தார்.

வீட்டுக்குப் போன் போட்டார். பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியுமா எனக் கேட்டார். தெரியும் என்றாள். நான் இல்லாவிட்டாலும் தைரியமாக இரு என்றார். வரும்போது பால் வாங்கி வரச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வேலை போனால் போகிறது, உயிராவது மிஞ்சட்டும் என்று இன்ஜினியரம்மாவிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவர் திட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த பாதி டப்பாவைப் பிடுங்கி, மோந்து, கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"இது வெறும் தண்ணி. உங்க தண்ணியைத்தான் நீங்க குடிச்சிருக்கீங்க. வயித்துக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே பிரிட்ஜ் பக்கம் டப்பாவோட பார்த்தேன், வேலைக்குத்தான் ஆபத்து."

தொட்டிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாக்கு எரிந்தது. எரிவதற்கு நாக்கு இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

"அப்போ தொட்டி ஏன் கரையல?" என்று முணுமுணுத்துக்கொண்டே இன்ஜினியரம்மா சோதனைத்தாளைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தார். தாள் சிவந்தது. "இவ்வளவு புளிப்பு இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

அந்த நேரம் பார்த்து, கேன்டீன் அக்கா இடுப்பில் வெள்ளை டப்பாவோடு வந்து நின்றாள்.

"காலையில பிரிட்ஜுலேருந்து நான் எடுத்துட்டுப் போன வினிகர்ல புளிப்பே இல்லைம்மா. சந்தேகமா இருந்தா இவரையே கேளுங்க, ரெண்டு டம்ளர் குடிச்சாரு."