பேக்கப் ஒரு நாளும் தவறவில்லை

கோவில்பட்டி,
மே மாதக் கடைசி.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன் அவர்களுக்கு,

மாமனார் தங்கச்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை சீனித்தாயும் சுகம். தையல் மெஷின்கள் அனைத்தும் சுகம். சர்வர் மட்டும் சுகமில்லை. பெங்களூரில் உங்கள் சுகத்தையும், அங்கே தினமும் பெய்வதாகச் சொல்லும் மழையின் சுகத்தையும் அறிய ஆவலாயிருக்கிறோம். இங்கே கரிசல் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. என் மகள் காளீஸ்வரி சுகமா என்று நீங்கள் கேட்டால் அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன். இது முழுக்க முழுக்க சர்வர் விஷயமாக எழுதப்படுவது.

போனில் சொல்லக் கூடாதா என்று தோன்றும். நாள் கணக்காக அடித்துப் பார்த்தாயிற்று. மணி போகிறது, நீங்கள் எடுப்பதில்லை. மீட்டிங்கில் இருப்பீர்கள். இவ்வளவு நீளமான மீட்டிங் எங்கள் பக்கத்தில் கிடையாது, கோயில் கொடை வரி பேசுகிற கூட்டமே ஒரு ராத்திரியில் முடிந்துவிடும்.

புதியம்புத்தூரில் தையல் கற்றுக்கொண்டு வந்து இங்கே நான் போட்ட யூனிபார்ம் யூனிட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு காலர், ஒரு பை, ஒரு மடிப்பு. அந்த அளவெல்லாம் அட்டையில் வெட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். கல்யாணம் முடிந்த வருஷம் நீங்கள் வந்து பார்த்துச் சிரித்தீர்கள். "இனிமே அட்டையே வேண்டாம் மாமா" என்றீர்கள். ஊரெல்லாம் மாமனார் வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்குச் சீர் போகும், எங்களுக்கு மாப்பிள்ளையிடமிருந்து சர்வர் வந்தது. பேட்டர்ன் போடும் சாப்ட்வேரையும் வாங்கி ஏற்றினீர்கள். எல்லா அளவையும் உள்ளே அனுப்பிவிட்டு அட்டைகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டோம். அன்றைக்கு நான் ரோட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததைப் பார்த்த சனம் இன்றைக்கு என்னைப் பார்த்தால் பரிதாபப்பட்டு டீ வாங்கித் தருகிறது.

போகும்போது மூன்று கட்டளை போட்டுவிட்டுப் போனீர்கள். ஒன்று, சர்வரை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. இரண்டு, லைசென்ஸ் ஐந்து யூசருக்குத்தான், ஆறாவது ஆள் வந்தால் கம்பெனிக்காரன் கேஸ் போடுவான். மூன்று, தினமும் சாயந்திரம் பேக்கப், என்ன ஆனாலும் பேக்கப். மூன்றையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். அதுதான் மாப்பிள்ளை வினையாப் போச்சு.

ஐந்து யூசர் என்றதும் சர்வர் அறைக் கதவில் ஐந்து பேர் பெயரை எழுதி ஒட்டினேன். உங்கள் பெயர், காளீஸ்வரி பெயர், என் பெயர், கட்டிங் மாஸ்டர், பேக்கிங் சுடலைச்செல்வி. உங்க அத்தை ரெண்டு வருஷமா டீயை வாசல்லயே வச்சிட்டுப் போறா. நான் கட்டுன கட்டடத்துல என் பொண்டாட்டிக்கு லைசென்ஸ் இல்லைன்னு அவ சொல்லாத ஆள் கிடையாது.

அது கிடக்கட்டும், பேக்கப்புக்கு வாரேன். நீங்க சொன்னது காப்பி எடுக்குத பேக்கப். சுடலைச்செல்வி காதுல விழுந்தது பேக்கிங் பண்ணுத பேக்-அப். அவ பேக்கிங் செக்‌ஷனுக்குத் தலைவி, சட்டையை மடிச்சுக் கவர்ல போட்டா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும், அப்பேர்ப்பட்டவகிட்ட ஒரு சாமானைக் காட்டி 'டெய்லி பேக்கப் பண்ணணும்'னு சொன்னா அவ வேற என்ன செய்வா? சாயந்திரமானா சர்வருக்குப் பாலிதீன் கவர் போட்டு, ஈரம் உறிஞ்சுத பொட்டலம் ரெண்டை உள்ள வச்சு, வாயை மடக்கி டேப் ஒட்டி, எக்ஸ்எல் ஸ்டிக்கர் ஒட்டிருவா. காலைல பிரிப்பா. கரிசப் புழுதி உள்ள போகாம இருக்கத்தான் மாப்பிள்ளை இப்படிச் சொல்லியிருக்காகன்னு நானும் நெனச்சேன், உங்க அறிவை நெனச்சுப் பெருமைப்பட்டேன். நீங்க தனியா வாங்கிக் குடுத்த பேக்கப் டிஸ்க்கையும் அவ சும்மா விடல, டிஷ்யூ பேப்பர் சுத்தி, அட்டைப் பெட்டியில போட்டு, பண்டல் கட்டி பீரோவுல வச்சிட்டா. நீங்க போன் பண்ணும்போதெல்லாம் 'மாமா, பேக்கப் நடக்குதா'ன்னு கேப்பீங்க. 'ஒரு நாள் தவறல மாப்பிள்ளை'ன்னு நானும் சொல்லுவேன். அதுல பொய் ஒண்ணும் இல்ல.

ரெண்டு வருஷம் பொறுத்த சர்வர் இந்த அக்னி நட்சத்திர வெயிலைப் பொறுக்கல. நிறுத்தக் கூடாதுன்னு நீங்க சொன்னதால ராத்திரி முழுக்கக் கவருக்குள்ளேயே ஓடியிருக்கு. ஏசியும் ரிப்பேர். காலைல சுடலைச்செல்வி பிரிக்கப் போனா, கவர் அது மேல தோல் மாதிரி ஒட்டிக் கிடக்கு. அவ தலையில அடிச்சுக்கிட்டு அழுத அழுகையில தெருவே கூடிட்டு, யாரோ போய்ச் சேந்துட்டாகன்னு ரெண்டு பேரு மாலையோட வந்துட்டாக.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்க வேல்ராஜைக் கூட்டியாந்தேன். அவன் திறந்து பாத்துட்டு, 'அண்ணாச்சி, இந்த ஊர்ல உள்ள தூசி இல்லாத ஒரே சர்வர் இதுதான்'னான். நல்ல பேர் எடுத்துட்டுச் செத்திருக்கு. டிஸ்க் உயிரோட இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பேக்கப் இருந்தா கவலையே இல்ல, எடுங்கன்னான். சுடலைச்செல்வி கண்ணைத் தொடச்சிக்கிட்டு ஓடிப்போய்ப் பண்டலைக் கொண்டாந்து ரெண்டு கையாலயும் குடுத்தா. வேல்ராஜ் பிரிச்சான், பெட்டிக்குள்ள பெட்டி, கவருக்குள்ள கவர். உள்ள டிஸ்க்கு கம்பெனி சீலு கூட உடையாம பொண்ணு பாக்க உக்காந்த மாதிரி இருக்கு. அவன் அதை அப்படியே மேசை மேல வச்சான். அப்புறம் குடிக்கத் தண்ணி கேட்டான்.

மாப்பிள்ளை, சிரிக்காதீங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கணும். வெட்டி வச்ச துணி கொஞ்சம் இருக்கு, அதைத் தச்சு முடிச்சா அடுத்து வெட்ட அளவு கிடையாது. அட்டையும் கிடையாது. இந்த சீசனை விட்டா பள்ளிக்கூடத்துக்காரங்க வேற ஆளைப் பாத்துப் போயிருவாக, போனா திரும்பி வரமாட்டாக. நம்ம யூனிட்ல தைக்கிற பொம்பளைகள்ல முக்கால்வாசிப் பேரு தீப்பெட்டி ஆபீசுல இருந்து வந்தவுக. மறுபடி அங்கனயே போகச் சொல்லி என் வாயால சொல்ல முடியாது. ரெண்டு நாளா நான் தையல் பக்கமே போகல, அவுக மொகத்தைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

டிஸ்க்குல உள்ளதை எடுத்துரலாம்னே வையுங்க, புது மெஷின்ல அந்த சாப்ட்வேர் தொறக்க லைசென்ஸை மாத்தணுமாம். கம்பெனிக்கு போன் போட்டேன். ஒரு பிள்ளை ரொம்ப மரியாதையாப் பேசுச்சு.

"அட்மின்தான் சார் பேசணும்."

"நான்தாம்மா முதலாளி."

"முதலாளி வேற, அட்மின் வேற சார். ஓடிபி அட்மின் நம்பருக்குத்தான் போகும்."

அட்மின் நீங்க. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி குடுக்கணும்ல. ஓடிபி உங்க போனுக்கு வந்திருக்கும், நீங்க மீட்டிங்ல இருந்திருப்பீங்க.

இதை வீட்டுல வந்து புலம்புனேன். காளீஸ்வரி தட்டைக் கழுவிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா. யூனிட் வேலைக்கு ஒத்தாசையா ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன்னு போன ஐப்பசியில வந்தவ. ஏட்டி, இப்பமாவது ஒரு வார்த்தை நீ போன் பண்ணிக் கேளேன்னேன். அவ திரும்பிக்கூடப் பாக்கல.

"அந்த வீட்டுல நான் வெறும் யூசர்தாம்ப்பா. எனக்கே அவிய பாஸ்வேர்டு தந்ததில்ல."

கேஸ் புக் பண்ணவும் கரண்டு பில் கட்டவும் கூட உங்களைக் கேட்டுத்தான் செய்யணுமாம், எதைக் கேட்டாலும் 'நான் பாத்துக்கிடுதேன்'பீங்களாம், அப்புறம் பாக்கவும் மாட்டீங்களாம். எனக்கு இதெல்லாம் அன்னைக்குத்தான் தெரியும். அது வேற, இது வேற. நான் சர்வர் விஷயமாத்தான் எழுதுதேன். ஆனா மாப்பிள்ளை, ஒரு தகப்பனாச் சொல்லுதேன், எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

ஆகவே என் வேண்டுகோள் என்னவென்றால், தாங்கள் நேரில் புறப்பட்டு வர வேண்டியது. ஓடிபியை போனில் சொல்லிவிடலாமே என்று நினைக்க வேண்டாம். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பேங்குக்காரன் தினமும் மெசேஜ் போடுகிறான். மாமனாருக்கு மட்டும் சொல்லலாம் என்று அவன் எங்கேயும் போடவில்லை. நேரில் வந்து உங்கள் கையால் அடித்துவிட்டுப் போவதுதான் முறை. வந்தால் உடனே போகவும் முடியாது, இந்த மாதிரி வேலைக்கு எப்படியும் நாலைந்து நாள் ஆகும் என்று வேல்ராஜ் சொல்லியிருக்கிறான். சொல்லச் சொல்லி நான்தான் சொன்னேன். மாடி அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறோம், ஃபேன் மாற்றியிருக்கிறோம். அத்தை கோழி சொல்லி வைத்திருக்கிறாள். சர்வர் அறைக் கதவில் உங்கள் பெயர்தான் இன்னமும் முதலில் இருக்கிறது.

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று எழுத வந்தேன். இப்போதைக்கு நீண்ட ஆயுள், நல்ல ஆரோக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை வந்தபின் பார்ப்போம். உங்கள் அம்மா கோமதியம்மாளுக்கு எங்கள் இருவர் வணக்கத்தையும் சொல்லவும். வெயிலுகந்தம்மன் உங்களை வழிநடத்தி, திருநெல்வேலி போகும் ரயிலில் ஏற்றி, கோவில்பட்டியில் இறக்கிவிடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
மாமனார்,
மு. தங்கச்சாமி

பின்குறிப்பு: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போன இடைவெளியில் காளீஸ்வரி படித்துவிட்டாள். சர்வர்ல இருந்த அளவு பூராவும் அவ லேப்டாப்புல இருக்காம். வந்த நாள்ல இருந்து வாராவாரம் காப்பி எடுத்து வச்சிருக்கா, நிஜப் பேக்கப். நாலு பேருக்குச் சோறு போடுத விஷயத்தை ஏம்ட்டி மூடி வச்சேன்னு கோவத்துல கத்திட்டேன். 'வெட்டுன துணி தீருத வரைக்கும் பாப்போம்னு இருந்தேன்ப்பா. உங்களுக்கு ஒரு கஷ்டம்னாலாவது அவிய போனை எடுக்காவளான்னு பாத்தேன்'னா. வெட்டுன துணி இன்னைக்குத் தீந்துட்டு. மத்தியானமே புது லைசென்ஸ் வாங்கிட்டா, அட்மின் அவ பேர்ல. கட்டிங் ஆரம்பிச்சாச்சு, மெஷின் சத்தம் இங்கன வரைக்கும் கேக்குது. ஆகவே சர்வர் விஷயமாகத் தாங்கள் வர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடச் சொன்னா. ஸ்டாம்பு ஒட்டியாச்சு, வீணாப் போயிரும்னு சொல்லிட்டு நடந்தே தபாலாபீசுக்கு வந்து, இங்கன கவுண்டர்ல நின்னுதான் இதை எழுதுதேன். இனிமேத்தான் ஸ்டாம்பு வாங்கணும்.