வினிஃப்ரெட்டுக்கு நீலக் கோடு

தன் உடம்பில் உயிர் இருக்கும்வரை தன் பண்ணையில் ஒரு ஜெர்சிக் கன்றுகூடப் பிறக்காது என்று நெவில் சபதம் செய்தான். செய்த இடம் சமையலறை. கேட்டவள் மனைவி அயோனா. சமையலறைச் சபதங்களுக்கு ஆயுள் குறைவு என்பது இருபது வருஷக் குடித்தனத்தில் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வைக்காட்டோ பக்கம் மாடு வளர்க்கிறவர்களில் இரண்டே கட்சி. கறுப்பு வெள்ளை ஃப்ரீசியன் கட்சி ஒன்று, பழுப்பு ஜெர்சிக் கட்சி ஒன்று. நெவில் தாத்தா காலத்திலிருந்தே ஃப்ரீசியன். அயோனாவோ தாரனாக்கியில் ஜெர்சி வீட்டுப் பெண். காதலிக்கிற நேரத்தில் இதையெல்லாம் யார் விசாரிக்கிறார்கள்?

"போன வருஷம் எத்தனை மாடு நொண்டிச்சு, நெவ்?"

"மழை ஜாஸ்தி."

"எத்தனை மாடு சினையே பிடிக்கல?"

"அதுங்களுக்கு மனசு சரியில்ல."

"வினிஃப்ரெட் கன்னு போடறப்ப நீ, நான், பக்கத்துப் பண்ணைக்காரன், மூணு பேரும் கயிறு கட்டி இழுத்தோமே. அது?"

"பெரிய இடத்துப் பிரசவம்னா அப்படித்தான் இருக்கும்."

"ஜெர்சி கலந்தா கன்னு சின்னதா இருக்கும், தானா வழுக்கிட்டு வரும். காலு கெட்டி. பால்லயும் கொழுப்பு ஏறும். உனக்கு இருக்கற கொழுப்புல பாதிகூட உன் மாட்டுப் பால்ல இல்ல!"

நெவிலுக்குச் சுருக்கென்றது. மற்ற மாடுகளைச் சொன்னால் பொறுத்துக்கொள்வான். வினிஃப்ரெட்டைச் சொன்னால் தாங்கமாட்டான். நெவிலின் தாத்தா ஆரம்பித்த மாட்டு வம்சத்தின் கடைசி வாரிசு அவள். கண்காட்சியில் அவள் வாங்கிய கோப்பைகள்தான் ஹாலில் கல்யாணப் போட்டோவை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. இதுவரை அவள் போட்டது எல்லாம் காளைக்கன்று. வயதும் ஆகிவிட்டது. ஒரே ஒரு கிடேரி, கறுப்பும் வெள்ளையுமாகச் சுத்தமான ஃப்ரீசியன் கிடேரி பிறந்துவிட்டால் போதும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு கண்காட்சி மைதானத்தைச் சுற்றி வரலாம். அதற்காகவே ஒரு கனடாக் காளையைப் பொறுக்கி வைத்திருந்தான்.

கடைசியில் சமரசம் ஆயிற்று. பாதி மந்தைக்கு ஜெர்சிச் சினை ஊசி, பாதிக்குக் கனடாக் காளையின் ஊசி. எது எதற்கு என்று அயோனா முடிவு செய்வாள். சினைப் பருவத்துக்கு வந்த மாடுகளைக் காலைக் கறவை முடிந்ததும் தனியாக நிறுத்தி, வாலடியில் வண்ணக் கோடு போடுவாள். சிவப்பு என்றால் ஜெர்சி. நீலம் என்றால் ஃப்ரீசியன்.

"சம்மதமா, நெவ்?"

"சம்மதம்."

"சொன்ன பேச்சுல நிப்பியா?"

"என்னை யாருன்னு நினைச்ச நீ?"

அயோனா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தேநீரில் பால் ஊற்றிக்கொண்டாள்.

அக்டோபர் வந்தது. ஒரு காலை வினிஃப்ரெட் பருவத்துக்கு வந்தாள். அயோனா சிவப்பு டப்பாவைத் திறந்து அவள் வாலடியில் இழுத்தாள் ஒரு கோடு. நெவிலுக்கு அது தன் நெஞ்சின் குறுக்கே இழுத்த மாதிரி இருந்தது. அதே காலை அறுபத்து மூன்றுக்கு நீலம் விழுந்தது. பெயர்கூட வைக்கப்படாமல் எண்ணோடு நின்றுபோன மாடு அது. கோணல் கால், உதைக்கிற குணம். அதற்குப் போய்க் கனடாக் காளை!

அயோனா சிற்றுண்டி செய்ய உள்ளே போனதும் நெவில் வேலையில் இறங்கினான். வினிஃப்ரெட்டின் சிவப்பைப் பழைய துணியால் துடைத்து நீலம் பூசினான். ஊசிக் கணக்கு உதைக்கக்கூடாது என்று அறுபத்து மூன்றின் நீலத்தைத் துடைத்துச் சிவப்பு பூசினான். அது அவனை உதைத்தது. பரவாயில்லை, வம்சத்துக்காக வாங்குகிற உதை.

சினை ஊசி போடும் ட்ரூடி வண்டியிலிருந்து இறங்கினாள்.

"வினிஃப்ரெட்டுக்கு நீலமா, நெவில்?"

"நீலந்தான்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஏன், நீலத்துல என்ன தப்பு?"

"எனக்கென்ன வந்தது? கோடு எதைச் சொல்லுதோ அந்த ஊசி."

அவள் வண்டி கிளம்பியதும் நெவில் மறுபடியும் துடைத்து, மறுபடியும் பூசி, அயோனா விட்டுப்போன நிறத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்தினான். ஊசிக் காலம் முடியும்வரை ஒவ்வொரு காலையும் இந்தக் கூத்துதான். அழகான மாடுகளுக்கெல்லாம் நீலம், அசிங்கமான மாடுகளுக்கெல்லாம் சிவப்பு. வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடி என்று அயோனா மூன்று வருஷமாகச் சொல்கிறாள். அதற்கு மட்டும் அவனுக்குத் தோள்வலி.

"நெவ், காதுல என்ன நீலமா இருக்கு?"

"நீலமா? குளிரு."

"ஒரு காதுக்கு மட்டுமா குளிரு?"

"காத்து அந்தப் பக்கமிருந்து அடிச்சுது."

அயோனா அவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். அது அவள் பிறந்த வீட்டு ஜெர்சி வெண்ணெய். அதை அவன் ரசித்துச் சாப்பிட்டான்.

ஜூலை மாதம், சேறும் மழையுமாகக் கன்று போடும் காலம். வினிஃப்ரெட் வேலியோரம் படுத்து முக்குவதைப் பார்த்ததும் நெவில் கயிறு எடுக்கக் கொட்டகைக்கு ஓடினான். கயிறோடு திரும்பி வருவதற்குள் அவள் கன்றை நக்கிக்கொண்டிருந்தாள். யாரும் இழுக்கவில்லை. கன்று அதற்குள் எழுந்து நின்று மடியைத் தேடிக்கொண்டிருந்தது.

கிடேரி! நெவில் சேற்றில் மண்டி போட்டான். அப்புறம்தான் நன்றாகப் பார்த்தான். தலையிலிருந்து வால்வரை கலப்புக் கன்றுகளுக்கே உரிய ஒரே கறுப்பு, ஒரு பொட்டு வெள்ளை இல்லை. மூக்கைச் சுற்றி ஜெர்சிகளுக்கு இருக்கிற வெளுத்த வளையம். மான்குட்டி போலப் பெரிய கண். அதன் நெற்றியில் ஜெர்சி என்று எழுதி ஒட்டாததுதான் பாக்கி.

அன்று மத்தியானம் அறுபத்து மூன்றுக்கு வலி கண்டது. கொண்டு வந்த கயிறு வீண்போகவில்லை. நெவில் மழையில் நனைந்து, சேற்றில் இரண்டு முறை விழுந்து, இழு இழு என்று இழுத்தான். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஒரு கறுப்பு வெள்ளைக் காளைக்கன்று வந்தது. கோணல் கால். கண்ணைத் திறந்ததும் அது செய்த முதல் காரியம், நெவிலை உதைத்தது.

வெளியே சொல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது. அவன் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான்.

"வினிஃப்ரெட்டுக்குக் கிடேரியாமே! சந்தோஷந்தானே?"

"ம்."

"ஜெர்சிக் கலப்புதானே?"

"அப்படித்தான் தெரியுது."

"தெரியுதா? சிவப்பு போட்டோம், ஜெர்சி வந்திருக்கு. வேற என்ன வரும்? அறுபத்து மூணுக்கு நீலம், ஃப்ரீசியன். எல்லாம் சரியா இருக்கு."

"எல்லாம் சரி."

"ட்ரூடிக்கு ஒரு கேக் பண்ணிக் கொடுக்கணும், நெவ். ஒரு தப்புகூட இல்லாம போட்டிருக்கா பாரு."

அதோடு நெவில் வெடித்தான். "கேக்கா? அவளுக்கா? நீலத்துக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்குக் கேக் ஒரு கேடா? வினிஃப்ரெட்டுக்கு நான் என் கையால நீலம் பூசி..."

வாயை மூடினான். மூடிப் பயனில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள் அயோனா.

"எப்படி?"

"உன் காது. அப்புறம், சண்டையே போடாம சம்மதம்னு சொன்னியே, அது. அன்னைக்கே ட்ரூடிக்குப் போன் பண்ணிட்டேன். எங்க பண்ணையில மட்டும் சிவப்பு ஃப்ரீசியன், நீலம் ஜெர்சின்னு."

நெவில் யோசித்தான். மெதுவாகத்தான் ஏறியது.

"அப்போ நான் கையே வைக்காம இருந்திருந்தா?"

"வினிஃப்ரெட்டுக்கு உன் கனடாக் காளைதான். அவளை உனக்குன்னுதான் ஒதுக்கி வச்சேன். ஒரு தடவையாவது சொன்ன பேச்சுல நிப்பேன்னு ஒரு நப்பாசை."

நெவிலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. எழுந்து வெளியே போனான். கறுப்புக் கிடேரி துள்ளி வந்து அவன் விரலை வாயில் வாங்கிச் சப்பியது. கெட்டியான கால்கள். அவன் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அதன் நெற்றியைச் சொறிந்துகொடுத்தான். பிடித்துத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள அவனுக்குக் கொஞ்சநாள் பிடித்தது.

அடுத்த அக்டோபரில், ஊசிக் காலத்தின் முதல் நாள், அயோனா இரண்டு டப்பாக்களையும் பிரஷ்ஷையும் அவன் கையில் கொடுத்தாள்.

"இந்த வருஷம் நீயே பூசு, நெவ். எந்த மாட்டுக்கு எந்தக் கோடுன்னு உன் இஷ்டம்."

"நிஜமாவா?"

"நிஜமா. நான் வாயே திறக்கமாட்டேன்."

நெவிலுக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. வினிஃப்ரெட்டின் பின்னால் போய் நின்றான். இரண்டு டப்பாக்களையும் திறந்தான். பிரஷ்ஷை உயர்த்தினான். உயர்த்திய கை அப்படியே நின்றது.

"அயோனா, இந்த வருஷம் எந்த நிறம் எதுக்கு?"

"அது ட்ரூடிக்குத் தெரியும்."