பெட்ரோல் பங்கில் பதினொரு மகுடங்கள்

2019 நவம்பர் 16, சனிக்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். நம் ஊர் ஒகேதாராவுக்கு வந்து சேர்ந்த அரசர்கள் பதினொருவர். பந்தலுக்குள் நுழைந்தவர்கள் பூஜ்யம்.

மதிப்பிற்குரிய ஒயேதிரான் மாமாவுக்கு, மருமகன் அகின்லோலு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்து, எழுதிக்கொள்வது. இடுப்பில் வைத்த தகடு பொருந்திவிட்டதா? இபாதானில் மழை நின்றதா? இங்கே அம்மா நலம். உங்கள் கைப்பேசியை அத்தை பிடுங்கி வைத்திருப்பதாகக் கேள்வி, அதனால்தான் கடிதம். நலம் விசாரித்தாகிவிட்டது, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் அரசர் பட்டமேறிய இருபதாம் ஆண்டு விழாவுக்கு விருந்தாளி அரசர்களை வரவேற்று உட்காரவைக்கும் வேலையை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி என் தலையில் கட்டினீர்கள். முப்பத்தோரு வருடம் அரண்மனையில் இதையே செய்தவர், பட்டியல் ஏதாவது வைத்திருப்பீர்கள் என்று உங்கள் அலமாரியைத் திறந்தேன். இரண்டு விசிறியும் ஒரு இருமல் மருந்தும் இருந்தன. நான் சிவில் எஞ்சினியர், அளவு இல்லாமல் எனக்கு ஆணி அடிக்கவும் வராது. ஆகவே நானே கணக்குப் போட்டேன். முகத்தை மறைக்கும் மணிச்சரம் தொங்குகிற மகுடத்துக்குப் பத்து மதிப்பெண், சரம் இல்லாததற்கு ஐந்து, எல்லா மகுடமும் பிறந்த இஃபேயிலிருந்து மூதாதை நேராக வாங்கி வந்திருந்தால் இன்னும் பத்து, அரசாங்கம் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு. கூட்டி, பெரியவருக்கு ஒன்று, சின்னவருக்குப் பதினொன்று என்று எண் போட்டு, சின்னவர் பத்து மணிக்கு, பெரியவர் பதினொன்றுக்கு என்று நேரமும் குறித்து, பதினொரு அரண்மனைக்கும் ஒரே தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தேன். ஒளிவுமறைவு இல்லாத முறை என்று எனக்குள் பெருமை வேறு.

மாமா, ஒருவருக்கும் தன் எண் பிடிக்கவில்லை. பெரியவர்தான் கடைசியாக வருவார் என்பதால் பதினொருவரும் கடைசியாக வரத் தீர்மானித்து, அரண்மனை வளைவுக்கு அறுபது மீட்டர் முன்னால் இருக்கும் பெட்ரோல் பங்கில் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டார்கள். முதலில் நகர்கிறவர் பதினொன்றாம் நம்பர். பங்குக்காரர் என்னிடம் வந்து, "ஏம்ப்பா, இவங்கள்ல ஒருத்தராவது பெட்ரோல் போடுவாங்களா?" என்று கேட்டார். அரசர்கள் பேசவில்லை, தூதர்கள் பேசினார்கள். ஈகுன் அரசரின் தூதர், "எங்க வம்சம் மூத்த பிள்ளையோட வம்சம். மகுடம் பங்கு போட்ட அன்னைக்கு அவர் வேட்டைக்குப் போயிட்டார், அவ்வளவுதான்" என்றார். "வேட்டைக்குப் போனவருக்கு மான் இருக்கே, மகுடம் எதுக்கு?" என்றார் ஒருவர். இன்னொருவர், "இரட்டைப் பிள்ளையில பின்னால பொறக்கறவன்தான் அண்ணன். உலகம் எப்படியிருக்குன்னு பாத்துட்டு வாடான்னு அவன் அனுப்பின தம்பிதான் முதல்ல வர்றவன். உங்க அரசரைப் போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுங்க, நாங்க அப்புறம் வர்றோம்" என்றார். நான் தாளை எடுத்து மதிப்பெண்ணை விளக்கப் பார்த்தேன். தாள் கையிலிருந்து போன வேகத்தைக் காற்றின் மேல் பழி போட முடியாது.

அந்த நேரம் பார்த்து உங்கள் பதவிக்குப் பத்து வருடமாக வாயூறும் தலைவர் ஃபலெயே விசிறிக்கொண்டே வந்தார். "தம்பி, உங்க மாமாவால நடக்க முடியல. உன்னால இதைச் செய்ய முடியல. அவர் பிடிக்கிற வரவேற்புக் கோலை இனி யாருகிட்ட குடுக்கறதுன்னு அரசர் சாயங்காலம் சொல்லிடுவார். நீ பாலம் கட்டப் போ." எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் ஒரு தாளில் உங்கள் முப்பத்தோரு வருடம் போகப் போகிறது.

இலாபே அரசரின் வண்டி நடுவில் நின்றது. எண்பத்தாறு வயது, சர்க்கரை வியாதி, காலையில் ஊசி போட்டவர், சாப்பிடவில்லை. அரசர் நாலு பேர் பார்க்கச் சாப்பிடக் கூடாதே, சுற்றிலும் நானூறு பேர். வண்டியருகே தாரில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"எழுந்திருடா, சட்டையில தார் ஒட்டுது" என்றார். "ஒயேதிரான் மருமகனா நீ? உங்க மாமன் எப்படிச் செய்வான் தெரியுமா? ஒவ்வொருத்தனுக்கும் வேற வழி, வேற நேரம் சொல்லுவான். வாசல்ல வந்து காதோட, 'கபியேசி, மகாராஜா, எல்லாரும் உள்ள வந்தாச்சு, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க'ம்பான். முப்பது வருஷமா நான்தான் கடைசியா வர்றேன்."

"மத்த பத்துப் பேர்கிட்டயும் அதையேதானே சொல்லியிருப்பாரு?"

"சொல்லியிருப்பான். அதை நான் எதுக்குடா கேக்கணும்?"

அவருக்குச் சாப்பாடு உடனே வேண்டும். இனி யார் காதிலும் எதுவும் சொல்ல முடியாது, எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அரசர்கள் நகர மாட்டார்கள். சரி, வேலி நகரும். பந்தலைச் சுற்றி வேலியாகக் கட்டியிருந்த மூங்கிலையும் வெள்ளைத் துணியையும் பிடுங்கச் சொன்னேன். நாற்பத்து மூன்று பேர் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, பெட்ரோல் பங்கும் வேலிக்குள் வரும்படி அதன் பின்னால் கொண்டுபோய் நட்டார்கள். பதினேழு நிமிடம். பதினொரு அரசர்களும் இப்போது விழாவுக்குள் இருந்தார்கள், ஒருவரும் நுழையவில்லை. அவரவர் வண்டிக் கதவருகே நாற்காலி போட்டோம். நம் அரசரும் வேலிக்குள்ளேயே நடந்து வந்ததால் வெளியே வந்து வரவேற்றார் என்ற பேச்சில்லை. இலாபே அரசரைச் சுற்றித் துணி பிடித்தார்கள், உள்ளே அரைத்து அவித்த பயறும் மீனும் போயின. கொஞ்ச நேரத்தில் துணிக்குள்ளிருந்து, "மேளம் எங்கடா?" என்று குரல் வந்தது. அதற்கப்புறம் நடந்தது நல்ல விழா.

சாயங்காலம் நம் அரசர் எல்லார் முன்னாலும், "ஒயேதிரான் வரட்டும். நாற்காலியில உக்காந்துக்கிட்டுச் செய்யட்டும். வேலை வாயாலதானே" என்றார். கோல் உங்களுடையதுதான் மாமா. பட்டியலை எரித்துவிட்டேன். வரிசை என்பதே இல்லாமல் ஒரு விழா நடத்தினேன், இனி இந்தப் பக்கம் வர மாட்டேன், திங்கட்கிழமை லாகோஸ் போகிறேன்.

அத்தைக்கு வணக்கம். தகடு துருப்பிடிக்காதது, விசாரித்துவிட்டேன். மூதாதையர் உங்களை எழுப்பி நடக்கவைக்கட்டும்.

இப்படிக்கு,
அகின்லோலு

பி.கு.: இதை உறையில் போடும்போது இன்றைய, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வந்தது. பங்கில் வண்டிகள் நின்றபடியே பதினொரு அரசர்களையும் பத்திரிகைக்காரன் படமெடுத்து, கீழே இடமிருந்து வலமாக ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டிருக்கிறான். ஃபலெயே அதைச் சட்டம் போட்டு அரண்மனையில் மாட்டிவிட்டார். எட்டு ஊர்த் தூதர்கள் வாசலில் நிற்கிறார்கள். வியாழனுக்குள் இது அடங்காவிட்டால் கோல் கைமாறும் என்று நம் அரசர் சொல்லியனுப்பியிருக்கிறார். ஆகவே லாகோஸ் போகவில்லை. செய்யப்போவது:

1. நாளை முதல் வண்டியில் இந்தக் கடிதத்தோடு நானே இபாதான் வருவேன். படித்ததும் வாங்கிக் கிழிப்பேன்.
2. இடது கோடியில் நின்றவரிடம் படத்தை இடமிருந்து படிக்கணும் என்பேன், வலது கோடிக்காரரிடம் வலமிருந்து. இலாபே அரசரிடம், பெரியவரை நடுவில் வைத்துத்தானே படம் பிடிப்பார்கள் என்பேன்.
3. மீதி எட்டுப் பேருக்கு என்ன சொல்ல என்று உங்களிடம் கேட்டுக்கொள்வேன். எழுதிவைக்க மாட்டேன்.
4. முகம் மாறாமல் சொல்ல அம்மாவிடம் பழகுவேன். இதுவரை மூன்று முறை பிடிபட்டேன்.
5. ஊர் திரும்பியதும் ஃபலெயே காதில் மட்டும், "கோல் உங்களுக்குத்தானாம், வியாழன் வரைக்கும் வாயைத் திறக்காதீங்க" என்பேன். இது நானே யோசித்தது.