அருவா அண்ணாச்சியின் வயிறு

சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே வயிற்றைக் காட்டி ஊரை அடக்கிய ஒரே மனிதர் எங்கள் தெரு அருவா அண்ணாச்சிதான். தொழில், புரோட்டா போடுவது. பட்டப்பெயருக்குக் காரணம், வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஓடிய ஒரு சாண் தழும்பு.

"கரிவலத்துல நாலு பேரு வளைச்சிட்டானுவ. ஒருத்தன் அருவாள வீசிட்டான்" என்று ஆரம்பிப்பார். அடுத்த மாதம் அதே சண்டை வாசுதேவநல்லூரில் நடக்கும், ஏழு பேரோடு. நான் பத்தாம் வகுப்புக்குப் போவதற்குள் அது குருவிகுளத்துக்கு மாறி, பன்னிரண்டு பேர் ஆகியிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோளில் பைக்கட்டோடு நான் போகையில் தெருமுனையில் பையன்கள் சீட்டியடித்தால் அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைப்பார். பனியனை மெல்லத் தூக்குவார்.

"ஏலே, இது என்னன்னு தெரியுமால?"

முனை காலியாகிவிடும்.

படித்து நர்ஸ் ஆகி திருநெல்வேலிக்கு வந்தேன். போன வருடம் எங்கள் வார்டில் வந்து நின்றார் அண்ணாச்சி. சர்க்கரைக்குப் பயந்து உடம்பைப் பாதியாகக் குறைத்திருந்தார். சதை போய்விட்டது, தோல் போகவில்லை. வயிற்றிலிருந்து தொடைவரை மடிந்து தொங்கியது. மடிப்புக்குள் புண். அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை. தொங்கும் தோலை வெட்டி எடுத்து, மிச்சத்தை இழுத்துத் தைத்துக்கொள்ள வந்திருந்தார்.

டாக்டரம்மா தழும்பைத் தடவிப் பார்த்தார். "இது எப்படி வந்துச்சு? இதுக்குக் கீழ இருக்கிற தோலுக்கு ரத்தம் குறைவாத்தான் வரும். தெரியாம இழுத்துத் தைச்சா தோல் கருகிடும்."

"அருவா வெட்டு. பன்னிரண்டு பேரு."

பன்னிரண்டு பேர் சேர்ந்து வெட்டினாலும் அவ்வளவு நேராக வராது. பக்கத்தில் நீர் வடியக் குழாய் வைத்த குட்டி வடு வேறு.

"அண்ணாச்சி, உண்மையைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் டாக்டரைப் பார்த்தார். "இந்தப் பிள்ளைய வெளிய போவச் சொல்லுங்க. சொல்லுதேன்."

"அவங்கதான் கேஸ் ஷீட் எழுதணும்" என்றார் டாக்டரம்மா.

அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பித்தப்பையில கல்லு. மதுரைல வச்சு எடுத்தாவ." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "ஏட்டி, ஊர்ல சொல்லிராத. பயலுவளுக்குப் பயம் விட்டுப்போயிரும்."

டாக்டரம்மா மேல்வயிற்றுத் தோலை அதிகம் பிரிக்காமல், அளவாக இழுத்துத் தைத்தார். மயக்கம் தெளிந்ததும் அண்ணாச்சி முதலில் கேட்டது, "அது இருக்கா?"

"இருக்கு. நாலு விரல் கீழ இறங்கியிருக்கு."

"நல்லதாப் போச்சு. பனியனை ரொம்பத் தூக்க வேண்டாம்."

தோல் கருகவில்லை. புண்ணும் ஆறியது. இதை எழுதட்டுமா என்று பிறகு கேட்டேன். "எழுது மக்கா. சீட்டியடிக்கிற பயலுவ எங்க பத்திரிகை படிக்கானுவ?"

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் விடும் நேரம். முனையில் நாலு பையன்கள். புரோட்டாக் கல்லுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றார் அண்ணாச்சி. ஒரு கையில் கரண்டி, இன்னொரு கை பனியன் நுனியில்.

தோளில் பைக்கட்டு இல்லையே என்றிருந்தது எனக்கு.