இருபத்திரண்டாம் காரில் போன தாலி

கன்ட்ரோலுக்குத் தெரியாமல் எங்கள் கார் எதுவும் சிங்கப்பூரில் வலதுபக்கம் திரும்பியதில்லை.

அவருடைய உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது; எல்லோருக்கும் அவர் ‘கன்ட்ரோல்’தான். எண்பதுகளின் தொடக்கத்தில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சின்ன டாக்சி நிறுவனம் ஒன்றில் அவர் ரேடியோ மைக்கைப் பிடித்திருந்தார். தொலைபேசி எடுப்பது என் வேலை. நாற்பது கார்களையும் நாற்காலியிலிருந்தே ஓட்டியவர், வண்டியில் ஏறினால் வாந்தி வரும் என்று வீட்டுக்கு நடந்து போவார்.

அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு காரையும் கூப்பிட்டு, “இருக்கியா?” என்பார். “இருக்கேன்” என்று பதில் வரவேண்டும். வேறு சங்கதி கிடையாது.

“என் பொண்டாட்டிகூட இவ்வளவு தேடமாட்டா அண்ணே” என்பார் ஏழாம் கார் கணேசன்.

“அவளுக்கு நீ ஒருத்தன்தான்பா. எனக்கு நாற்பது.”

ஒரு ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்குத் தொலைபேசி அலறியது. கோயிலிலிருந்து மணப்பெண்ணின் தாய்மாமன். “தாலிப் பையை டாக்சியிலேயே விட்டுட்டேன் லா! பத்தரையோட முகூர்த்தம் முடியுது!” கார் எண்? பார்க்கவில்லையாம்.

“கோயில் வாசல்ல இறக்கினது இருபத்திரண்டு” என்றார் கன்ட்ரோல், கண்ணை மூடியபடி. “அடுத்த சவாரி புக்கிட் பாஞ்சாங். இந்நேரம் மலைக்குப் பின்னால போயிருப்பான்.”

புக்கிட் தீமா மலைக்கு அந்தப் பக்கம் எங்கள் ரேடியோ எட்டாது. நான் தலையில் கை வைத்தேன். அவர் மைக்கை எடுத்தார்.

“ஏழு, எங்க இருக்கே?”

“மலை அடிவாரத்துல அண்ணே.”

“அங்கேயே நில்லு. நான் சொல்றதை மலை வளைவுல இருக்கிற முப்பத்தொண்ணுக்குச் சொல்லு. அவன் இருபத்திரண்டுக்குச் சொல்லட்டும். பின்சீட்ல தாலி. கோயிலுக்குத் திரும்பு.”

செய்தி கார் விட்டு கார் தாவிப் போனது. பாதியில் முப்பத்தொன்று கைவிரித்தது: ஏறிய பயணிக்கு விமானம் பிடிக்க வேண்டும், வளைவில் நின்று செய்தி சொல்ல முடியாது. சங்கிலி அறுந்தது.

கன்ட்ரோல் அசரவில்லை. “ஏழு, பதினைஞ்சைக் கூப்பிடு. தினம் இந்நேரம் அந்தப் பக்கத்து டீக்கடையிலதான் தே தாரிக் குடிப்பான்.”

இரைச்சலுக்கு நடுவே கணேசனின் குரல் வந்தது. “கிடைச்சிட்டான் அண்ணே! எப்படித் தெரியும்னு கேக்குறான்!”

“குடிச்சது போதும், சொல்லச் சொல்லு.”

அப்புறம் வெறும் இரைச்சல். நான் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி சொச்சத்துக்கு, மலையைச் சுற்றி வெளியே வந்த இருபத்திரண்டின் குரல் நேராகவே கேட்டது: “பை இருக்கு அண்ணே, வந்துக்கிட்டே இருக்கேன்!”

முகூர்த்தம் முடிய ஆறு நிமிடம் இருக்கையில் தாலி கோயிலுக்குள் போனது. அலுவலகத்தில் ஒரே கூச்சல். நான் மேசையைத் தட்டிக் கொண்டாடினேன். தாய்மாமன் தொலைபேசியில் அழுதார்.

கன்ட்ரோல் மட்டும் மைக்கை வைக்கவில்லை. “ஏழு, இருக்கியா?”

“இருக்கேன் அண்ணே. நிக்கச் சொன்னீங்களே, இன்னும் அங்கதான் நிக்கிறேன்.”

“போதும்பா, நகரலாம்.”

கணேசனை நாங்கள் எல்லோரும் மறந்திருந்தோம். இன்றும் யாராவது என்னை அழைத்து “இருக்கியா?” என்றால், “இருக்கேன், கன்ட்ரோல்” என்றுதான் முதலில் வாயில் வருகிறது.