பாலிஷ் போட்ட ஒப்பந்தம்

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எல்லாமே தெரிந்தது.

கறுப்பு மார்க்கரால் அடித்து அடித்து விரல் வீங்கியதுதான் மிச்சம். போலீசுக்கு பூட்ஸ் சப்ளை செய்யும் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல் அது. விலை, தோல் ரகம், அடிப்பாகத்தை ஒட்டும் பசை எல்லாம் மையைத் தாண்டிப் பல்லை இளித்தன.

"இதையா வெளியே கொடுக்கப் போறீங்க, ஜாக்கிரதை?" என்று கேட்ட பிரிவு அதிகாரி மேடம், அதை அங்கேயே சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார்.

போலீஸ் கொள்முதல் பிரிவில் அந்தக் கிளார்க்குக்கு 'ஜாக்கிரதை' என்றுதான் பெயர். பேனா மூடியைக்கூட இரண்டு தடவை திருகிப் பார்க்கும் ஆசாமி. தலைமை கிளார்க் நாற்காலி காலியாகப் போகிறது. அதில் அவர் உட்காருவதும் உட்காராததும் மேடம் கையில்.

பொதுஜனம் ஒருவர் பூட்ஸ் ஒப்பந்தத்தின் நகல் கேட்டு மனுப் போட்டிருந்தார். மக்கள் பணத்தில் வாங்கியது. கொடுத்தே தீர வேண்டும். ஓடினால் அடிப்பாகம் தனியாக ஓடுகிற பூட்ஸ் என்பதால், ஆள் பெரிய போராளியாகத்தான் இருப்பார் என்று ஆபீஸே நடுங்கியது. கம்பெனியோ, வியாபார ரகசியம் கசிந்தால் கேஸ் போடுவோம் என்று கடிதம் மேல் கடிதம் விட்டது. விலையை மறை என்றார்கள், பசையை மறை என்றார்கள். கடைசியில் 'பூட்ஸ்' என்ற வார்த்தையையே மறைக்கச் சொன்னார்கள். என்ன விற்கிறார்கள் என்பது போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமாம்.

எங்கும் கசிந்துவிடக் கூடாதென்று ஜாக்கிரதை தன் பங்குக்குக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியையும் அழித்து வைத்திருந்தார். மிஞ்சியது ஒரிஜினல் மட்டும்.

புலம்புவதற்காக மனைவிக்குப் போன் போட்டார்.

"பூட்ஸ் பாலிஷ் தடவுங்க. என் தம்பி எங்கப்பாகிட்ட மார்க் ஷீட்டை அப்படித்தான் காட்டினான்."

"அவன் மாட்டிக்கிட்டானேடி."

"பிரவுன் தடவினான், மாட்டிக்கிட்டான். நீங்க கறுப்பு தடவுங்க."

அவர் முட்டாள் இல்லை. ஒரிஜினலில் நேரடியாகத் தடவவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, மறைக்க வேண்டிய இடத்துக்கு நேராகப் பாலிஷ் பூசி, கட்டாக ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்துவிட்டு, ஸ்விட்சைத் தட்டிக் கை கழுவப் போனார். அது பழைய மெஷின். ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைச் சூடு பண்ணுவதே அதன் மேல்தான்.

திரும்பி வந்தபோது பாலிஷ் உருகி, தாள்களின் இடுக்கில் இறங்கி, ஒப்பந்தம் முழுவதும் ஒரே கறுப்பாகப் பளபளத்தது. மேடம் குனிந்து பார்த்தார். அவர் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது, கோபத்தோடு.

மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கலாம் என்ற யோசனை யாருடையது என்று பிறகு யாருமே ஒப்புக்கொள்ளவில்லை. பாலிஷ் போனது. கூடவே எழுத்தும் போனது. கமிஷனர் கையெழுத்தின் வால் மட்டும் மிஞ்சி நின்றது.

மேடம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இனிமே எங்கேதான்யா இருக்கு இந்த ஒப்பந்தம்?"

"கம்பெனியில ஒரு காப்பி இருக்கு மேடம். ரகசியம் ரகசியம்னு உயிரை விடறவங்க, பத்திரமா வெச்சிருப்பாங்க."

"வாங்கிட்டீங்கன்னா தலைமை கிளார்க். இல்லேன்னா குதிரை லாயத்துல புல்லுக் கணக்கு எழுதுங்க."

அந்த நேரம் பார்த்து மனுதாரரே வந்து நின்றார். போராளி என்று நம்புவது கஷ்டம். ஒல்லியான உடம்பு, கக்கத்தில் குடை, நெற்றியெல்லாம் வியர்வை. ஜாக்கிரதை அவரை உபசரித்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மேஜையில் காயும் வெள்ளைத் தாள்களை முழங்கையால் மறைத்துக்கொண்டு குழைந்தார்.

"எங்க ஒரிஜினல் கொஞ்சம் உடம்பு சரியில்லாம இருக்கு சார். கவலையே படாதீங்க. கம்பெனியிலேருந்து அவங்க காப்பியை வரவழைச்சு, ஒரு எழுத்துகூட மறைக்காம உங்க கையில தரேன்."

மனுதாரரின் முகம் வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து ஜாக்கிரதையின் காதருகே குனிந்தார்.

"அந்தக் கம்பெனி கணக்குப்பிள்ளையே நான்தான் சார். எங்க காப்பியைத் தொலைச்சுட்டேன், முதலாளிக்குத் தெரியறதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு வாங்கி வெச்சிடலாம்னுதான் மனுவே போட்டேன்."