அரைக் கோப்பை மரியாதை

தாஷ்கண்ட் பூகம்பம் கண்ட ஊர். அங்கே ஒரு கிழமை, ஏழு இரவு, தங்கியும் அரியரத்தினத்துக்குக் கட்டில்கூட ஆடவில்லை. திரும்பி வந்து மெல்பேர்ன் விமான நிலையத்துக்கு வெளியே கால் வைத்தபோதுதான் பூமி ஆடியது. அவருடைய மனைவி சந்திரவதனா விரலில் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றாள்.

"ஆர் காரைக் கொண்டு வந்தது?"

"நான்."

"நீரோ? லைசென்ஸ்?"

"நீங்கள் பிளேன் ஏறின அடுத்த நாள் எடுத்தனான்."

"எப்ப பழகினனீர்?"

"வியாழக்கிழமையில. பக்கத்து வீட்டு ஜோய்ஸ் பழக்கினவ."

"வியாழக்கிழமை நீர் பின்னல் வகுப்புக்கெல்லோ போறனீர்?"

"ஒரு ஸ்வெட்டராவது வீட்டுக்கு வந்ததோ? நீங்கள் கேக்கேல்லையே."

உண்மைதான். அவர் கேட்கவில்லை.

தாஷ்கண்டில் ரொட்டிக்கு 'நான்' என்று பெயர். மூன்று வேளையும் 'நான்' தின்றுவிட்டு வந்தவருக்கு, வீட்டில் 'நான்' என்று சொல்லும் உரிமை கைமாறியிருந்தது. சொந்த ஹோல்டன் காரில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து மல்கிரேவ் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவள் காரை நன்றாகவே ஓட்டினாள். அதுதான் அவருக்குக் கூடுதல் வருத்தம். போதாததற்கு, டண்டினோங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது, வாற திங்கள் விட்டு அடுத்த திங்களிலிருந்து தனக்குக் கார் வேண்டும் என்று வழியிலேயே சொல்லிவிட்டாள்.

அரியரத்தினம் கெட்டவரல்ல. நீர்ப்பாசன எஞ்சினியர். வாய்க்கால்கள் பற்றிய மாநாட்டுக்காகத்தான் அலுவலகம் அவரைத் தாஷ்கண்டுக்கு அனுப்பியது. இந்த நாட்டுக்கு வந்தபின் குசினியில் சமையல் பொது, கோப்பை கழுவுவது பொது, தொலைக்காட்சியில் எதைப் பார்ப்பது என்பதுகூடப் பொது. முழுதாக அவருடையது என்று மிஞ்சியது ஸ்டியரிங் ஒன்றுதான். வேலைக்கு அவர் ரயிலில்தான் போவார். கிழமை முழுதும் கார் வீட்டு வாசலில் சும்மா நிற்கும். சும்மா நின்றாலும் அவருடையதாக நின்றது.

சாவியை மீட்டே தீருவது என்று முடிவு கட்டினார். வாய்ச்சண்டை சரிவராது. அதில் அவர் வென்ற சரித்திரம் இல்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்த தமிழர்களில் தாஷ்கண்டைக் கண்டவர் வேறொருவரும் இல்லை. அந்த ஊரைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் மறுக்க ஆளில்லை. ஒரு நகரத்தையே கையில் வைத்திருக்கும் மனிதன் ஒரு சாவிக்கு ஏன் பயப்பட வேண்டும்?

மறுநாள் குசினியில், தாஷ்கண்ட் சந்தையில் வாங்கிய கைப்பிடியில்லாத நீலக் கிண்ணங்களை மேசையில் பரப்பிவிட்டுத் தொடங்கினார்.

"சந்திரா, அங்கத்தைய சனத்தின்ர மரியாதை இருக்கே, நாங்கள் படிக்க வேணும்."

"சொல்லுங்கோ."

"காரில மதிப்பான ஆள் பின்சீட்டிலதான். ஸ்டியரிங்கைத் தொடுறது கூலி வேலை. அந்த வேலையை உமக்குத் தர எனக்கு மனம் வரேல்லை."

"அப்பிடியோ? அங்க பொம்பிளையள் வாகனம் ஒண்டும் ஓடுறேல்லையோ?"

"சீச்சீ!"

அவர் தாஷ்கண்டைச் சுற்றிப் பார்த்ததே டிராமில்தான். அதை ஓட்டியவள் தலையில் துணி கட்டிய ஒரு வாட்டசாட்டமான பெண். மூச்சிரைக்க ஓடிவந்த அரியரத்தினத்தை அதட்டி உள்ளே ஏற்றியவளும் அவள்தான். அந்த விஷயத்தை அவர் சுங்கத்திலேயே விட்டுவிட்டு வந்தார்.

"தேத்தண்ணி எப்பிடிக் குடுப்பினம்?" என்று கிண்ணம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டாள்.

இதற்கு அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாநாட்டு மொழிபெயர்ப்பாளர் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தேநீர் ஊற்றிக் காட்டிய வழக்கம் அது. "மதிப்பான ஆளுக்கு அரைக் கோப்பைதான் ஊத்துவினம். திரும்பத் திரும்ப ஊத்திக் குடுக்கிறதுதான் மரியாதை. நிரம்ப ஊத்தினால் 'எழும்பிப் போம்' எண்டு அர்த்தம்."

"நல்ல பழக்கம்," என்றாள் சந்திரவதனா. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையிலிருந்து மரியாதை ஆரம்பித்தது.

தேத்தண்ணி அரைக் கிண்ணம். பிட்டு அரைத் தட்டு. இறைச்சிக் கறியில் உருளைக்கிழங்குப் பாதி மட்டும். பத்திரிகையிலும் அரைவாசி, அதிலும் கிரிக்கெட் இல்லாத அரைவாசி. போர்வையில் ஏற்கெனவே அரைவாசிதான் என்பதால் அது மட்டும் மாறவில்லை.

"கொஞ்சம் நிரப்பி விடுமன்," என்று கிண்ணத்தை நீட்டினார்.

"ஐயோ, உங்களைப் போகச் சொல்லுவனே?"

"அப்ப இன்னொருக்கா ஊத்தும்."

"வந்து ஊத்துறன். கடைக்கு ஒருக்கால் போட்டு வாறன்."

அவள் வந்து ஊற்றுவதற்குள் அவர் ரயில் ஏறிவிட்டிருப்பார். கிழமை முழுக்க இதே கதை. அவரால் வாய் திறக்க முடியவில்லை. திறந்தால் தாஷ்கண்ட் முழுவதும் இடிந்து விழும். இடுப்புப் பட்டி ஒரு ஓட்டை உள்ளே போயிற்று. பசித்தது, கோபமும் வந்தது. ஆனாலும் சனிக்கிழமையை நம்பிப் பொறுத்தார்.

சனிக்கிழமை நரசிம்மனும் அவர் மனைவி விஜயாவும் வருவதாக இருந்தது. சென்னைக்காரர்கள், இரண்டு தெரு தள்ளி வீடு. அவர்கள் கார் பழுது. அதனால் எல்லாரும் ஹோல்டனில் மலைப்பக்கம் டியூலிப் பூப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. சாட்சிகள் முன்னிலையில் மனைவியைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டால் திங்கட்கிழமை தன் கையில் சாவியோடு தானாக விடியும் என்பது அரியரத்தினத்தின் கணக்கு.

வந்தவர்கள் கதிரையில் உட்கார்ந்ததும் பேச்சை எடுத்தார்.

"மதிப்பான ஆக்கள் பின்சீட்டிலதான் இருக்க வேணும், மிஸ்டர் நரசிம்மன். தாஷ்கண்டில அதுதான் முறை."

"ஆமா சார், கரெக்ட்! மெட்ராஸ்லயும் முதலாளி பின்னாடிதான். முன்னாடி உக்காந்தா டிரைவர்னு நெனச்சுப்பாங்க."

"பாத்தீரே சந்திரா? நரசிம்மனே சொல்லுறார்."

சந்திரவதனா தேத்தண்ணிக் கேத்தலோடு வந்தாள். "ஓம், நானும் யோசிச்சனான். சரியான பழக்கம். அதைத்தான் இனி இந்த வீட்டில செய்ய வேணும்."

அரியரத்தினத்துக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு கிழமைப் பசி பறந்தது.

"ஒரு சின்னச் சந்தேகம்," என்றாள் அவள். "இந்த வீட்டில எல்லாரையும் விட மதிப்பான ஆள் ஆர்?"

விஜயா குறுக்கே விழுந்தாள். "இதென்னங்க கேள்வி? எங்க வீட்ல நான்தான்!" நரசிம்மன் கூரையைப் பார்த்தார்.

தன் வீட்டில் அப்படியொரு அவமானம் நடக்க அரியரத்தினம் விடுவாரா? நிமிர்ந்து உட்கார்ந்தார். மார்பில் கை வைத்தார். "இஞ்ச நான்தான்! குடும்பத் தலைவன்! அதில என்ன சந்தேகம்?"

"எனக்கும் சந்தேகமில்லை," என்றாள் சந்திரவதனா. நீலக் கிண்ணத்தை அவர் முன் வைத்து ஊற்றினாள். பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, விளிம்பு தொட்டு நின்றது.

முழுக் கிண்ணம்! அரியரத்தினம் ஆவலோடு எடுத்து இரண்டு மிடறு குடித்தார். மூன்றாவது மிடறுக்குத் தூக்கியவர் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தார்.

"நிரம்ப ஊத்தினால் என்ன அர்த்தம் எண்டு சொன்னனீங்கள்?"

"எழும்பிப்... போம் எண்டு."

"ஓம். எழும்புங்கோ, நேரம் போகுது. காரின்ர பின்கதவைத் திறந்துதான் விட்டிருக்கிறன்."

"சந்திரா, ஸ்டியரிங்..."

"கூலி வேலை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? குடும்பத் தலைவரை அதில இருத்தினால் சனம் என்னைத்தானே பேசும்."

"ரொம்ப கரெக்ட் மேடம்," என்றார் நரசிம்மன், கார் ஓட்டத் தெரிந்தும் பின்சீட்டுக்கு எழுந்த இன்னொரு ஆண்பிள்ளை.

விஜயா முன்னால் ஏறிக்கொண்டாள். நரசிம்மனும் அரியரத்தினமும் பின்னால், சாப்பாட்டுக் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்கள். பக்கத்து வீட்டு ஜோய்ஸ் வேலிக்கு மேலால் கைகாட்டினாள். சந்திரவதனா கண்ணாடியைச் சரிசெய்து, அதில் கணவரின் முகத்தைத் தேடிப் பிடித்தாள்.

"பெல்ட்டைப் போடுங்கோ. மலைப்பாதையில வளைவு கூடுதல், மரியாதை கீழ விழுந்திடும்."